இரண்டாவது கோப்பைக்குப் பிறகு

ஓக்கோ ரென்கன் புதுச் சோளக்குதிரின் கூரையிலிருந்து விழுந்தபோது அவன் வாயில் நாலு ஆணி இருந்தது. ஒன்றைக்கூட விழுங்கவில்லை. பிற்பாடு அதையே பெரிய சாமர்த்தியமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தொடை எலும்பு முறிந்ததைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

டவுனிலிருந்து வந்த டாக்டர் காலுக்கு இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டினார். கிறிஸ்துமஸ் வரைக்கும் தரையில் ஊன்றவே கூடாது என்றார். ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். மக்காச்சோளம் அத்தனையும் காய்ந்து, கதிர் தொங்கி, அப்படியே நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேஸ்கெயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கேஸ்கெ ஓக்கோவின் மனைவி. இன்று எங்கள் வட்டாரத்தில் பாதிக் குடும்பம் அவள் வயிற்று வழி வந்ததுதான். கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில், கடலோரத்தில், அடுத்தவன் பண்ணையில் மாடு கறந்து வளர்ந்தவள். கல்யாணமான வருஷமே ஓக்கோவோடு கப்பலேறி அயோவாவுக்கு வந்துவிட்டாள். நல்ல மேட்டு நிலத்தையெல்லாம் முந்தி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு மிஞ்சியது சதுப்பு. சதுப்பைக் கண்டு மலைக்கிற ஆட்களா இவர்கள்? கடலையே கரைபோட்டு நிறுத்திவிட்டு அதன் காலடியில் குடியிருந்தவர்கள். புருஷனும் பெண்டாட்டியும் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டினார்கள். வருஷக்கணக்கில் வெட்டினார்கள். தவளை கத்திய இடத்தில் இந்த வருஷம்தான் முதல் தடவையாக எல்லைக்கு எல்லை சோளம் நின்றது.

அந்தச் சோளம் வெண்பனி விழுவதற்குள் குதிருக்கு வந்தாக வேண்டும். விழுந்துவிட்டால் தாள் சாய்ந்து, கதிர் ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்துப்போகும். பன்றிகளுக்குத் தீனி இருக்காது. பன்றி போனால் நிலமும் தங்காது. திரும்பவும் யாராவது பண்ணைக்காரனின் தொழுவத்தில் போய் வாளியோடு உட்கார வேண்டியதுதான். கேஸ்கெக்கு இது ராத்திரி பகல் மறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருத்தன் படுக்கையில் விழுந்தால் யாரும் போய்க் கூப்பிட வேண்டியதில்லை. மறுநாளே வண்டிகள் வயலில் வந்து நிற்கும். முதல் வண்டி ஹாபோ டாமனுடையதாக இருக்கும், அவர் பின்னால் மற்ற வீடுகள். ஹாபோ அரை மைல் தள்ளி இருந்தவர், இந்தப் பக்கம் முதலில் குடியேறியவர், அவர் கிளம்பாமல் வேறு யாரும் கிளம்ப மாட்டார்கள். ஓக்கோ விழுந்து ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகியும் ஒரு வண்டி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேஸ்கெக்கு நன்றாகத் தெரியும். அவள் ஊற்றாமல் போன ஒரு கோப்பைத் தேநீர்தான் காரணம்.

எங்கள் ஆட்கள் பட்டினி கிடப்பார்கள், தேநீர் இல்லாமல் கிடக்க மாட்டார்கள். கோப்பையில் முதலில் ஒரு கட்டிக் கற்கண்டு. அதன் தலையில் சுடச்சுடக் கறுத்த தேநீர். கற்கண்டு படக்கென்று வெடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். ஓரத்தில் ஒரு சொட்டுப் பாலாடை. கலக்கவே கூடாது. வந்தவருக்கு மூன்று கோப்பை கட்டாயம். மூன்றுக்குப் பிறகு அவராகக் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தால்தான் போதும் என்று அர்த்தம். அதற்கு முன்னால் வீட்டுக்காரி பானையை எடுத்துக்கொண்டு எழுந்தால், வந்தவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதும் அதுவும் ஒன்று.

போன வசந்தத்தில் ஹாபோவும் அவர் மனைவி வூப்கெயும் வந்தார்கள். பனி உருகிப் பாதையெல்லாம் சேறு. டவுனுக்கு வண்டி போய் வெகுநாளாகியிருந்தது. கேஸ்கெ அப்போதுதான் பிள்ளை பெற்று எழுந்திருந்தாள். தேயிலைத் தகரத்தைச் சுரண்டி, அடியில் கிடந்த தூளைக் கொட்டி, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்த வருசம் கதிர் உரிக்கிறப்ப எங்க கூட்டத்தில சேந்துக்க, ஓக்கோ" என்றார் ஹாபோ. "உன் வயலுக்கு நாங்க வர்றோம், எங்க வயலுக்கு நீ வா."

ஓக்கோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "சேந்துக்கிறேன் அண்ணே. ஆனா ஒண்ணு, இல்லாத கொடுமைக்குச் சேர்றான்னு மட்டும் நெனச்சிராதீங்க. கர்த்தர் கிருபையில இந்த வீட்டில எதுக்கும் குறை கெடையாது. என்ன கேஸ்கெ, நான் சொல்றது?"

கேஸ்கெ தலையை ஆட்டினாள். இரண்டாவது சுற்று ஊற்றினாள். அதுவே வைக்கோல் நிறத்தில்தான் இருந்தது. வூப்கெ குடித்து முடித்து, கோப்பையை மறுபடி நீட்டினாள். கேஸ்கெ பானைக்குள் பார்த்தாள். வெந்த சக்கை மட்டும் கிடந்தது. தீர்ந்துபோச்சு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். குறையே இல்லை என்று புருஷன் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் எப்படிச் சொல்வது? பானையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வூப்கெ நீட்டிய கோப்பையைச் சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்தாள். ஹாபோ எழுந்தார். "சரி, கிளம்புவோம்" என்றார். அவ்வளவுதான். சண்டையில்லை, சத்தமில்லை. எங்கள் ஆட்கள் சத்தம் போட்டால்கூடச் சமாதானம் செய்துவிடலாம்.

"என்ன காரியம் செஞ்சிட்ட நீ!" என்று ஓக்கோ குதித்தான்.

"தகரத்தில ஒரு பொட்டுத் தூள் இல்ல. நீங்கதான் குறையே இல்லன்னு மார்தட்டிட்டீங்களே, நான் என்னத்தச் சொல்ல?"

"போய் இப்பச் சொல்லிட்டு வா."

"அளந்தது யாரு? நீங்க போய்ச் சொல்லுங்க."

ரெண்டு பேரும் போகவில்லை. வசந்தம் போய்க் கோடை வந்தது, கோடை போய் இலை உதிர்ந்தது. கோயிலில் அவர்கள் முன் பெஞ்சிலும் இவர்கள் பின் பெஞ்சிலுமாக உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடிவிட்டு வேறு வேறு வண்டியில் வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது கேஸ்கெ தனியாளாக வயலில் இறங்கினாள். பெரியவள் ஹிஸ்கெக்கு வயது ஐந்து. அவளை அப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வீட்டில் விட்டாள். கைப்பிள்ளையை ஒரு பெட்டியில் வைக்கோல் போட்டு, போர்வை சுற்றி, வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் தோல்வாரால் கட்டிய இரும்புக் கொக்கி. கொக்கியால் கதிரை மூடிய மட்டையைக் கிழிக்க வேண்டும், கதிரை முறிக்க வேண்டும், வண்டியில் வீச வேண்டும். வண்டியின் அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பலகை அடித்திருக்கும். கதிர் அதில் டொம்மென்று மோதி உள்ளே விழும். தேர்ந்த ஆள் உரித்தால் அந்தச் சத்தம் விடாமல் கேட்கும். கேஸ்கெயின் வண்டியில் ஒரு டொம் கேட்டால் அடுத்ததற்குள் ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லி முடித்துவிடலாம்.

காலையில் மட்டையில் உறைந்திருந்த ஈரம் கையுறையை நனைத்து விரலைக் கடித்தது. மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கியது. பிள்ளை அழுதால் வண்டியடியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். சாயங்காலம் பார்த்தால் வண்டி பாதிகூட நிறையவில்லை. தலைக்கு மேலே காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. வயலில் அவள் உரித்த சால்களை விட உரிக்காத சால்கள்தான் கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் அவள் நல்ல சால்வையைக் கழற்றாமலே பிள்ளையைத் தூக்கினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் ஓக்கோ படுக்கையிலிருந்து.

"டாமன் வீட்டுக்கு."

"வேண்டாம். அவன் வாசல்ல போய் நின்னு சோளம் உரிச்சுத் தாங்கன்னு கேக்கிறதுக்கு, சோளம் அழுகிப் போகட்டும்."

"சோளம் அழுகினா நாளைக்கு வேற எவன் வாசல்லயோ போய் மாடு கறக்கணுமான்னு நிக்கணும். அது பரவாயில்லையா?"

ஓக்கோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"நான் சோளம் கேக்கப் போகல" என்றாள் அவள், கொஞ்சம் தணிவாக. "அன்னைக்குத் தேயிலை இல்லன்னு சொல்லப் போறேன். அதுக்கும் மேல நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். போதுமா?"

டாமன் வீட்டு அடுப்படியில் வூப்கெ அடுத்த நாள் புளிக்கப் போடுவதற்காக முட்டைக்கோஸ்களை மேஜையில் குவித்து, உட்கார்ந்து மேல் இலைகளை உரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிற பெண்பிள்ளை இல்லை அவள். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகும் என்று இந்த வருஷம்தான் அப்படி ஆகிவிட்டாள். கதவில் கேஸ்கெயைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"அக்கா, நான் உக்கார வரல. ஒண்ணச் சொல்லிட்டுப் போயிர்றேன். நீங்க வந்தன்னைக்கு எங்க வீட்டில தேயிலை இல்ல. சுத்தமா இல்ல. மூணாவது கோப்பைக்கு என்கிட்ட வெந்நிதான் இருந்துச்சு."

வூப்கெயின் கை நின்றது. "என்ன சொன்ன?"

"தேயிலை தீந்துபோச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவரு அப்பத்தான் குறையே இல்லன்னு..."

"குறையே இல்லையாம்! ஓக்கோ வாய்க்கு வரி போட்டா இந்த அயோவா முழுக்க ரோடு போட்டுறலாம்." வூப்கெ இலையைக் கீழே போட்டாள். சிரிக்கப் போகிறாள் என்று கேஸ்கெ நினைத்தாள். ஆனால் அவள் முகம் கோணிக்கொண்டு போனது. "அடி பாவி மக, இதையா இத்தன மாசம் வயித்துக்குள்ள வச்சிருந்த? நான் என்ன நெனச்சேன்னு உனக்குத் தெரியுமா?"

"அவமானப்படுத்திட்டேன்னு நெனச்சிருப்பீங்க."

"அவமானமாவது, வெங்காயமாவது. அதுக்கு முந்தின குளிர்காலத்திலதானே என் சின்னவன் தொண்டை அடைச்சுச் செத்தான். உன் கையில பச்சப் பிள்ள. இவ துக்கம் என் பிள்ளைக்கு ஒட்டிக்கிரும், இவ இந்த வீட்டில அதிக நேரம் இருக்கக்கூடாதுன்னுதான் நீ பானைய எடுத்துக்கிட்டு ஓடினன்னு நெனச்சேன். போற வழி பூரா அழுதேன்டி. அவரு அதப் பாத்துட்டுத்தான் இனிமே அந்தத் திக்கில வண்டி போகாதுன்னு சொன்னாரு."

கேஸ்கெ இத்தனை நாளும் தன் மானத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, பிள்ளை செத்த ஒருத்தி கோப்பையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு தடவைகூட அவள் நினைப்பில் வரவில்லை. மூன்றே எட்டில் போய்ப் பிள்ளையை வூப்கெயின் மடியில் வைத்தாள்.

வூப்கெ பிள்ளையின் தலையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். பிள்ளை அவள் காதைப் பிடித்து இழுத்தது. "கனமா இருக்காளே" என்றாள் வூப்கெ. பிறகு ரெண்டு பெண்களும் ஒரு பாட்டம் நன்றாக அழுதார்கள்.

அன்றைக்குத் தேநீர் நாலு கோப்பையோ ஐந்து கோப்பையோ, யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஹாபோ தொழுவத்திலிருந்து வந்து, காலுறையோடு கதவுநிலையில் சாய்ந்து புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கிளம்பும்போது கேஸ்கெதான் நின்றாள்.

"அண்ணே, சோளத்துக்காக வந்தேன்னு நெனச்சிராதீங்க."

"எந்தச் சோளம்?" என்றார் ஹாபோ.

"எங்க சோளந்தான்."

"அது சோளமா? ரோட்டில போறப்ப ஏதோ ஒசரமா நின்னுச்சு. உன் வீட்டுக்காரன் களை வளக்கிறான்னுல்ல நெனச்சேன்." குழாயைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வருவேன் என்று சொன்னாரா, வரமாட்டேன் என்று சொன்னாரா? கேஸ்கெக்கு விளங்கவில்லை. வழியெல்லாம் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஈயம் மாதிரி கறுத்துக் கிடந்தது. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. ஹாபோ என்ன சொன்னார் என்று ஓக்கோ கேட்டான். "களைன்னு சொன்னாரு" என்றாள். ஓக்கோ அதற்கு ஒரு மணி நேரம் ஏசினான்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் அவள் மாடு கறந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டொம். டொம் டொம். வாளியை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். வயலின் வடக்கு ஓரத்தில் ஹாபோவின் வெள்ளைக் குதிரைகள். அதற்கு அடுத்த சாலில் ஒரு வண்டி, அதற்கும் அடுத்து ஒன்று. கிழக்கு வெளுக்க வெளுக்க இன்னும் வந்தன. ஒருத்தரும் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை, எங்கே ஆரம்பிக்கலாம் என்றும் கேட்கவில்லை. பலகைகளில் கதிர் மோதுகிற சத்தம் ஆலங்கட்டி மழை போல வயலெங்கும் விழுந்துகொண்டே இருந்தது. கேஸ்கெ தொழுவத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

வூப்கெயும் மற்ற வீட்டுப் பெண்களும் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். நூலில் கோத்துக் காயவைத்த பீன்ஸை ஊறவைத்து, உப்புப் பன்றிக்கறியோடு பெரிய அண்டாவில் வேகவைத்தார்கள். கறுத்த ரை தானிய ரொட்டியை நெஞ்சோடு அணைத்து அணைத்து அறுத்தார்கள். ஆண்கள் பூட்ஸ் சேற்றோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் ரெண்டு தட்டுத் தின்றுவிட்டு, கொக்கியைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

ஓக்கோவின் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கத்தினான்.

"அந்தத் தெக்கு மூலையில வாய்க்கால் இருக்கு, வண்டிய எறக்கிராதீங்க! ஏ, கதிர அடியோட முறி! அப்படியில்ல!"

"உனக்கு ஒடஞ்சது காலுதானே?" என்று வயலிலிருந்து ஹாபோவின் குரல் வந்தது. "டாக்டர் கட்டு மாத்திப் போட்டுட்டாரு போல. வாயிலயில்ல போட்டிருக்கணும்!"

வயலே சிரித்தது. ஓக்கோ ஜன்னலை மூடினான். கேஸ்கெ சூப்போடு உள்ளே போனபோது அவன் போர்வையை முகத்துக்கு இழுத்துவிட்டிருந்தான், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் காற்று வடக்கே திரும்பியது. கடைசிச் சால்களை ஆண்கள் ஊசித் தூறலில் குனிந்தபடி உரித்தார்கள். கடைசி வண்டி குதிருக்கு வந்து கொட்டி முடிக்கும்போது முதல் பனித்துகள் குதிரைகளின் முதுகில் விழுந்தது. ஹாபோ ஈரப் பூட்ஸோடு ஓக்கோவின் கட்டிலுக்கு வந்தார்.

"அண்ணே" என்றான் ஓக்கோ. "அன்னைக்கு நான் பேசினது..."

"பேசினியா? நான் கவனிக்கல. நீ எப்பவும் பேசிக்கிட்டேதானே இருக்க. குதிர்ல ஒரு பக்கம் கூரை இன்னும் தொறந்து கெடக்கு. நாளைக்கு வந்து அடிச்சுத் தர்றேன். ஆணி எங்க?"

கேஸ்கெ அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனாள். மூன்று நாளாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அவர் குதிரைகளுக்குப் போர்வை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீங்க மட்டும் வரலன்னா..."

ஹாபோ திரும்பினார். நிஜமாகவே கோபம். "நன்றியா? நன்றி சொல்லிப் பைசல் பண்ணி அனுப்பலாம்னு பாக்கிறியா? நன்றியெல்லாம் கர்த்தருக்குச் சொல்லு. நான் பக்கத்து வீட்டுக்காரன்." கடிவாள வார்களை உதறிக் கையில் எடுத்தார். வண்டி நகர்ந்து கொஞ்சம் போனபிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வெள்ளிக்கிழமை பன்னி அடிக்கிறோம். சீக்கிரம் வந்துரு. வூப்கெக்குக் குடல் கழுவ ஆள் வேணும்."

பன்றி அடிப்பது எங்கள் பக்கத்தில் திருவிழா மாதிரி. சொந்தம் பந்தம் எல்லாம் வரும். வந்தவர்கள் கறி அரைக்கலாம், உப்புப் போடலாம், ருசி பார்க்கலாம், உள்ளே அடுப்போரமாக உட்கார்ந்து ஊர்வம்பு பேசலாம். குடல் கழுவுவது மட்டும் வெளியே, பம்புத் தண்ணீரில், நாற்றத்தில், குளிரில். குடலைப் புரட்டி, கத்தியின் முதுகால் வழித்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை அலசி அலசி எடுக்க வேண்டும். அந்த வேலையை வீட்டு மனுஷிதான் செய்வாள். அவளுடைய அக்கா தங்கை செய்வார்கள். வேறு யாரிடமும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

கேஸ்கெ வெள்ளிக்கிழமை இருட்டோடே போய்விட்டாள். கைப்பிள்ளை உள்ளே யார் யார் மடியிலோ இருந்தாள். தொட்டியின் ஒரு பக்கம் வூப்கெயும் அவள் தங்கையும், எதிர்ப்பக்கம் கேஸ்கெ. விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு மரத்தே போயின. பனி அவர்கள் தலைத்துணியில் விழுந்து கரைந்தது. பேச்சு என்னமோ ஓக்கோவின் நாலு ஆணிகளைப் பற்றித்தான்.

மத்தியானம்போல பாஸ்டர் வீட்டு அம்மா வந்தார். நகரத்தில் படித்து வளர்ந்தவர், இந்தப் பக்கத்துக்குப் புதுசு. தொட்டியைத் தாண்டி வாசற்படி ஏறப் போனவர், கேஸ்கெயின் கைகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன வூப்கெ, வந்த விருந்தாளியை இந்தக் குளிரில் குடல் கழுவ விட்டிருக்கீங்களே? பாவம், உள்ளே போகச் சொல்லுங்க."

வூப்கெ நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"விருந்தாளியா? எங்க? எந்த விருந்தாளிம்மா? நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க. உள்ள வாங்க, உள்ள வாங்க. ஏ கேஸ்கெ, அந்தப் பக்கத்து வாளிய இங்க தள்ளு."

கேஸ்கெ தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பார்கள். வாளியை முழங்காலால் தள்ளிவிட்டு, அடுத்த குடலை எடுத்துப் புரட்டினாள்.